தேங்கிக் கிடந்த கடிதங்கள்

(பெண்கள் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் நான் கிளார்க். காலையில் வருகிற தபாலைப் பிரித்து ரிஜிஸ்டரில் ஏற்றுவதும் என் வேலைகளில் ஒன்று. கடிதம் கையில் எடுக்கும்போதெல்லாம் எங்க ஆயா ஞாபகம் வரும். பெரியப்பா பட்டாளத்தில் இருந்தார். அவர் எழுதுற கடிதம் எங்க தெருவுக்குள்ள வராது. தபால்காரர் ஊர்த்தெரு முனையில் ஒரு கடையில் போட்டுட்டுப் போயிடுவார். நாடு முழுக்கத் தாண்டி வந்த கடிதத்தால் கடைசி அரை மைலைத் தாண்ட முடியாது. ஆயா போய் கடைக்கு வெளியே நின்னு கேட்டு வாங்கி வரணும்.

அதனால்தான் இன்னிக்கு, கடிதங்களைக் கொண்டு சேர்த்த ஒரு பெண்கள் பட்டாளத்தைப் பற்றியும், அதை நடத்திய கறுப்பினப் பெண்மணி சேரிட்டி ஆடம்ஸ் பற்றியும் பேச வந்தேன். அவங்க பேருக்குள்ளேயே சேரி இருக்கு, பாருங்க.

1918இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்து, தென் கரோலினாவில் வளர்ந்தவர். அப்பா போதகர், அம்மா ஆசிரியை. கோயிலும் குடும்பமும்தான் அந்த வீடு. ஆனால் எந்தக் கோயில்? ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை. ஃபிலடெல்ஃபியாவில் வெள்ளையர் ஆலயத்தில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பர்களை எழுப்பி விரட்டினார்கள். எழுந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. அடிமையாகப் பிறந்து தன்னைத்தானே மீட்டுக்கொண்ட ரிச்சர்ட் ஆலன் தலைமையில் 1816இல் தங்கள் சபையைத் தாங்களே நிறுவினார்கள். சேரிட்டி படித்த வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகமும் அந்தச் சபை நடத்தியதுதான். "பக்தியுள்ள பெண்" என்று சொல்லும்போது நாம் தலைகுனிந்த ஒருத்தியை நினைத்துக்கொள்கிறோம். இது எழுந்து வெளியே நடந்தவர்களின் பக்தி.

1942இல் பெண்கள் துணைப்படையில் சேர்ந்தார். அதில் அதிகாரியான முதல் கறுப்பினப் பெண் அவர்தான். ஆனாலும் தங்குவதும் சாப்பிடுவதும் தனித்தனி. இரட்டை டம்ளர் நமக்கு மட்டும் சொந்தமில்லை தோழர்களே.

கறுப்பினப் பெண்களையும் கடல்கடந்து அனுப்பு என்று மேரி மெக்லியோட் பெத்யூனும் கறுப்பினப் பத்திரிகைகளும் விடாமல் கேட்டதால் 6888ஆவது தபால் பட்டாளம் உருவானது. 855 பெண்கள். மேஜர் சேரிட்டி ஆடம்ஸ் தலைமை. 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இறங்கினார்கள். கிடங்குகளில் உத்தரம் வரைக்கும் மூட்டைகள். குண்டுவீச்சுக்குப் பயந்து ஜன்னல்களை மறைத்திருந்தார்கள். குளிர், மங்கின வெளிச்சம். வீட்டிலிருந்து அனுப்பின பலகாரங்களை எலி தின்றுகொண்டிருந்தது. தேங்கியது 1 கோடியே 70 லட்சம் உருப்படி என்று கணக்குச் சொல்கிறார்கள்.

வேலை லேசில்லை. 70 லட்சம் பேருக்குத் தனித்தனி அட்டை எழுதிவைத்தார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேராம்! எங்க கிளையில் ஆரோக்கியசாமி பதினோரு பேர். அதுக்கே நான் தலையைப் பிச்சுக்குவேன். மூன்று ஷிப்டு, ஷிப்டுக்கு 65,000 கடிதம். ஆறு மாசம் கொடுத்த வேலையை மூன்று மாசத்தில் முடித்தார்கள்.

ஒருநாள் ஜெனரல் ஒருவர் பார்வையிட வந்தார். ராத்திரி ஷிப்டு பார்த்தவர்கள் தூங்குகிறார்கள், இன்னொரு ஷிப்டு வேலையில் இருக்கிறது. எல்லாரும் ஏன் அணிவகுப்பில் நிற்கவில்லை என்று கோபம். ஒரு வெள்ளை லெப்டினென்டை அனுப்பி உனக்கு நிர்வாகம் கற்றுத்தரச் சொல்கிறேன் என்றார். நான் செத்தால்தான் அது நடக்கும் என்று சேரிட்டி அங்கேயே பதில் சொன்னார். ராணுவ விசாரணை என்று மிரட்டினார் ஜெனரல். சேரிட்டி விதியைப் புரட்டினார். இனப் பிரிவினை தொனிக்கப் பேசக்கூடாது என்று மேலிடத்து உத்தரவே இருந்தது. அதைவைத்து எதிர்ப்புகார் தயாரித்தார். ஜெனரல் பின்வாங்கினார். விதிப்புத்தகத்தை நாமும் படிக்கணும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

லண்டனில் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினப் பெண்களுக்கென்று தனி விடுதி ஏற்பாடு செய்தபோது, அங்கே தங்க வேண்டாம் என்று தன் பெண்களைக் கேட்டுக்கொண்டார். சலுகை மாதிரி வரும் தீண்டாமையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

1945இல் பிரான்சின் ரூவானில் ஜீப் விபத்தில் மூன்று பெண்கள் இறந்தார்கள். அடக்கச் செலவுக்குச் சக பெண்கள் காசு சேர்த்தார்கள். இன்று நார்மண்டியில், வெள்ளை வீரர்கள் நடுவில் ஒரே மண்ணில் கிடக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பின மண்ணிலிருந்து வந்தவளுக்கு இது சாதாரணச் செய்தியில்லை.

1946இல் ஊர்வலமோ வரவேற்போ இல்லாமல் பட்டாளம் கலைக்கப்பட்டது. லெப்டினென்ட் கர்னலாகத் திரும்பிய சேரிட்டி மேல்படிப்பு முடித்து, 1949இல் ஸ்டான்லி எர்லியை மணந்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, ஒஹையோவின் டேட்டன் நகரில் கறுப்பின இளைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சி தர அமைப்பு கண்டார். 2002இல் மறைந்தார்.

பிரிவினை பார்க்கிற ராணுவத்தில் சேர்ந்ததே சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கும் முழுப் பதில் இல்லை. அம்பேத்கரின் அப்பாவும் பட்டாளத்துச் சுபேதார்தான். சீருடை விடுதலையைத் தராது. ஆனால் நிமிர்ந்து நிற்க ஒரு இடம் கிடைத்தால், அங்கே நின்று என்ன கேட்கிறோம் என்பது முக்கியம்.

மரியாதையும் தாமதமாகத்தான் வந்தது. 2023இல் அடிமைமுறைத் தரப்பின் தளபதி ராபர்ட் லீ பெயரிலிருந்த ராணுவ முகாமுக்கு கிரெக்-ஆடம்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2025இல் எடுத்துவிட்டு மறுபடி லீ என்றாக்கினார்கள். கேட்டால், இது வேற லீ, ஃபிட்ஸ் லீ என்ற கறுப்பின வீரர் என்றார்கள். ஒரு கறுப்பர் பெயரைக் கேடயமாக்கி இரண்டு கறுப்பர் பெயரை அழிக்கிற தந்திரம் நமக்குப் புதுசா? அதே 2025இல்தான் அந்தப் பட்டாளத்துக்கு நாடாளுமன்றத் தங்கப்பதக்கமும் கொடுத்தார்கள். 855 பேரில் அதைப் பார்க்க ஒரு சிலர்தான் மிச்சமிருந்தார்கள்.

பலகையில் எழுதின பெயரை அழிக்கலாம். ஆனால் சேரிட்டி 1989இலேயே தன் கதையைத் தானே புத்தகமாக எழுதிவிட்டார். அதை யாரும் மாற்ற முடியாது. எங்க ஆயா கடைக்கு வெளியே நின்ன கதையை அவங்க எழுதல, எழுதத் தெரியாது. நான் எழுதணும். உங்க ஆயா கதையை நீங்க எழுதணும். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வந்தேன்.