ஏரியின் எல்லை எது?

  

தமிழில் நீர்நிலைகளுக்கு வழங்கும் பெயர்கள் பலவாகும். ஏரி, குளம், கண்மாய், தாங்கல், ஏந்தல், ஊருணி, பொய்கை, இலஞ்சி, கேணி என அவை நீள்கின்றன. இவற்றை ஒரே பொருளைக் குறிக்கும் பல சொற்கள் எனக் கொள்ளுதல் பொருந்தாது. வயலுக்குப் பாய்வது ஏரி. ஊரார் உண்பதற்கு உரியது ஊருணி. பயனுக்கேற்பப் பெயரும், பெயருக்கேற்பக் காவலும் அமைந்தன. ஊருணியில் துணி துவைத்தலும் மாடு குளிப்பாட்டுதலும் கூடா என்னும் கட்டுப்பாடு பல ஊர்களில் இருந்தது.

நிலம் பள்ளமாகக் கிடக்கும் இடமெல்லாம் நீர் தங்கச் செய்யுமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்துவதைப் புறநானூற்றின் 18-ஆம் பாடலில் காணலாம். நீரைத் தேக்குவதே அன்றைய கவலை. இன்றைய கவலையோ இரட்டிப்பாகிவிட்டது. நீர் தங்குமா என்பதோடு, தங்கிய நீர் பருகவும் பாய்ச்சவும் தக்கதாக நிலைக்குமா என்பதும் வினாவாகிறது. ஊர் வளர வளர, இவ்விரண்டாம் வினாவே முந்தி நிற்கின்றது.

உத்தரமேரூர் காட்டும் நெறி

முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் பெரிதும் போற்றப்படுகின்றன. அம்முறையில் தெரிந்தெடுக்கப்பட்டவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று என்பது ஈண்டு நினையத்தக்கது. அதற்கு உறுப்பினர் அறுவர்; பணிக்காலம் 360 நாள். முன்பு வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிந்தெடுக்கப்படும் தகுதியை இழந்தனர்.

அவ்வாரியத்தில் உழைக்கும் மக்களுக்கோ பெண்களுக்கோ இடமில்லை. நிலமும் மறைக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அது உரியதாயிருந்தது. இக்குறையை மறைத்துப் பெருமை பேசுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. எனினும் ஏரிக்கென ஓர் அவை, அதற்கென ஒரு பொறுப்பு, அப்பொறுப்புக்கு ஒரு கணக்கு என்னும் மூன்றும் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இம்மண்ணில் இருந்தன என்பது மறுக்கவொண்ணாத உண்மை.

ஏரிப் பராமரிப்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. கோடையில் நீர் வற்றியதும் உழவர் வண்டலை வெட்டியெடுத்து வயலுக்கு எருவாக இட்டனர். மழைநீர் மேட்டிலிருந்து அடித்துவந்த சத்து இவ்வாறு மீண்டும் மண்ணுக்கே சென்றது. ஏரிக்கு வரவும் இருந்தது, செலவும் இருந்தது.

பெல்லந்தூர் தரும் பாடம்

இவ்வரவு செலவு முறிந்தால் விளைவது யாது? அதற்குப் பெங்களூர் சான்று பகரும். அந்நகரின் ஏரிகள் சங்கிலித் தொடராய் அமைந்தவை. மேல் ஏரி நிரம்பி வழிந்தால் கீழ் ஏரிக்கு நீர் செல்லும். 1951-இல் 8 இலட்சத்துக்கும் குறைவாக இருந்த நகர மக்கள்தொகை 2011-இல் 84 இலட்சத்தைக் கடந்தது. வீடுகள் பெருகிய விரைவில் கழிவுநீர்க் குழாய்கள் பெருகவில்லை. மழைநீர் வந்த வரத்துக்கால்கள் வழியே கழிவுநீர் வரலாயிற்று. முன்னர் ஏரிகளை இணைத்து வாழ்வித்த அச்சங்கிலியே பின்னர் அழுக்கைக் கைமாற்றும் வழியாயிற்று.

ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரி அழுக்கின் பெரும்பகுதியை ஏற்றது. சலவைத்தூளும் சோப்பும் கலந்த நீர் கலிங்கில் விழுந்து, வெண்ணுரை மலைபோல் எழுந்து சாலையிற் பரவிற்று. 2015 மே மாதத்தில் அந்நுரையில் தீப்பற்றியது. 2017-இலும் 2018-இலும் ஏரிப்பரப்பில் மீண்டும் தீ எழுந்தது. 2018 சனவரியில் தீயணைக்க இராணுவ வீரர்களும் உதவ நேர்ந்தது. நீர்நிலை எரியும் என்பது கற்பனையிலும் எட்டாத செய்தி. அது கண்முன் நிகழ்ந்தது.

இஃது அண்டை மாநிலத்துச் செய்திதானே எனத் தமிழகம் ஒதுக்கிவிட இயலாது. பெல்லந்தூரில் வழியும் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையை அடைகிறது. அவ்வாறு ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கும் நுரை வந்து சேர்ந்திருக்கிறது. அழுக்கை விடுவோர் ஓர் ஊரார். அதனை வயலில் ஏற்போர் மற்றோர் ஊரார். முன்னவர்க்கும் பின்னவர்க்கும் பொதுவான அவை இல்லாமையே இத்துன்பத்தின் வேர்.

சத்தே நஞ்சாதல்

நஞ்சு கலந்தால்தான் ஏரி கெடும் எனப் பலரும் எண்ணுவர். ஏரியைப் பெரிதும் கெடுப்பது சத்து மிகுதியே. மனிதக் கழிவிலும் உரத்திலும் சில சலவைத்தூள்களிலும் உள்ள பாஸ்பரஸ் பயிரை வளர்ப்பதுபோலவே பாசியையும் வளர்க்கும். பாசி அளவின்றிப் பெருகி மடியும். மடிந்து மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைக் கவரும். மீன் மூச்சின்றி மிதக்கும். ஆக்சிஜன் அற்ற நிலையில் அடிச்சேறு தன்னுள் அடங்கிய பாஸ்பரஸை மீண்டும் நீரில் விடும். எனவே கழிவுநீர் நின்றபின்னும் சில ஏரிகளின் நோய் நெடுநாள் நீடிக்கின்றது.

மற்றொன்றும் கருதத்தக்கது. வழக்கமான சுத்திகரிப்பு நாற்றத்தையும் மட்கும் அழுக்கையும் பெரிதும் நீக்கும். பாஸ்பரஸை முழுதும் நீக்காது. சுத்திகரித்த நீர்தானே என்று ஏரியில் விடுவது எப்போதும் தீங்கற்றதாகாது என்பதற்கு அமெரிக்காவின் வாசிங்டன் ஏரியே சான்று.

மீண்ட ஏரி

சியாட்டில் நகரை ஒட்டிய அவ்வேரியைச் சூழ்ந்து 1940-களிலும் 1950-களிலும் சிற்றூர்கள் விரைந்து வளர்ந்தன. அவற்றின் சுத்திகரிப்பு நிலையங்கள் தத்தம் நீரை ஏரியில் விட்டன. 1955-இல் அங்கே ஒரு தீய பாசியினம் காணப்பட்டது. முன்னர்ச் சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரி கெட்டபோது தோன்றிய இனம் அது. வாசிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்மன்சன், இந்நிலை நீடித்தால் ஏரி மேலும் கெடும் என்றும், கழிவுநீரை நிறுத்தினால் மீளும் என்றும் எடுத்துரைத்தார்.

ஏரி ஒன்று, ஊராட்சிகளோ பல. எல்லா ஊர்களுக்கும் பொதுவான அமைப்பு வேண்டும் என 1958 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பு தோல்வியுற்றது. நகரம் ஏற்றது; புறநகரங்கள் ஏற்கவில்லை. போக்குவரத்து முதலியவற்றை நீக்கிக் கழிவுநீரை மட்டும் பொறுப்பாக்கி, அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் வாக்கெடுத்தனர், மக்கள் ஏற்றனர். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் படிப்படியாகத் திருப்பப்பட்டது. சுமார் ஒரு மீட்டர் ஆழம்வரையே பார்வை சென்ற நீரில், 1970-களின் பிற்பகுதியில் ஆறு மீட்டருக்கும் அப்பால் பார்வை சென்றது.

அங்கே நீரைத் திருப்பிவிட அருகில் கடல் இருந்தது. உள்நாட்டு ஊர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆதலின் அவை பாஸ்பரஸையும் நீக்கும் சுத்திகரிப்பையே நாடவேண்டும். வழி வேறுபடினும் நெறி ஒன்றே: ஊரெல்லை பாராமல், நீரெல்லை பார்த்து மக்கள் ஒன்றுகூட வேண்டும்.

செய்யத்தக்கன

புதுக் குடியிருப்புக்கு இசைவு தருமுன் அதன் கழிவுநீர் எங்கே செல்லும் என்பதற்கு விடை வேண்டும். மழைநீர்க்காலும் கழிவுநீர்க்குழாயும் எங்கும் கலவாதிருத்தல் வேண்டும். ஏரிவாயில் கோரையும் நாணலும் வளரும் ஈரநிலத்தை விட்டுவைத்தல் வேண்டும். வரும் சத்தின் ஒரு பகுதியையேனும் அது வடிகட்டும். நீரின் தரத்தை மாதந்தோறும் அளந்து ஊர் அறியப் பலகையில் எழுதுதல் வேண்டும். கணக்குக் காட்டாதார்க்கு இடமில்லை என்ற பழைய விதிக்கு இதுவே புதிய வடிவம்.

இவற்றிற்கெல்லாம் அடிப்படை, இன்றைய ஏரி வாரியம். உத்தரமேரூர் அவை விலக்கிவைத்தோர் அதில் முதலிடம் பெறவேண்டும். மேட்டு அடுக்குமாடியில் வாழ்வோரும், பள்ளத்து வயலில் உழுவோரும், மீன் பிடிப்போரும், குடத்தோடு நிற்கும் பெண்களும் ஒரே அவையில் அமர்தல் வேண்டும். அழுக்கை அனுப்புவோர் அதனைப் பெறுவோரின் முகத்தைக் காணும் நாளில்தான் குழாயின் மறுமுனை அவர்கள் நினைவுக்கு வரும்.

ஏரிக்கு எல்லை கரையன்று. எந்த வீட்டின் சமையலறை நீர் அதில் வந்து விழுகிறதோ, அந்த வீட்டு வாயிலே அதன் எல்லை. அவ்வெல்லையில் காவல் தொடங்காத ஊரில் கரையை எவ்வளவு உயர்த்தினும் பயனில்லை.