கோடை மழையும் நம்ம வீட்டு வாசலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பூலாம்பாடி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "கோடை மழையில் பாதுகாப்பு". இதைக் கேட்டதும் எங்க குழுவிலேயே சிரிச்சாங்க. "மழை வரலையேன்னுதானே மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறோம், மழைகிட்ட இருந்து பாதுகாப்பா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நம்ம பெரம்பலூர் மாவட்டம் மானாவாரி மாவட்டம். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் எல்லாம் வானத்தைப் பார்த்துத்தான். ஆனால் பங்குனி, சித்திரை, வைகாசியில் வர்ற மழை ஐப்பசி மழை மாதிரி நின்னு நிதானமாப் பெய்யாது. ஒரு மணி நேரம்தான் பெய்யும். அதுக்குள்ளே காத்து, இடி, மின்னல், சில நேரம் ஆலங்கட்டி, தெருவில் வெள்ளம் எல்லாத்தையும் காட்டிட்டுப் போயிடும். எனக்கு அது என்ன பண்ணுச்சுன்னு முதலில் சொல்றேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், சித்திரை கடைசி. காலையிலேர்ந்து புழுக்கம். வெயிலைவிட வேர்வைதான் அதிகம். தை மாசம் பிடுங்கின வெங்காயத்தில் விதைக்கு வேணும்ங்கிறதை எங்க காட்டில் பட்டறை போட்டு வச்சிருந்தோம். அந்த வெங்காயம் குழுவில் வாங்கின கடன். சாயங்காலம் நாலு மணி இருக்கும், பச்சைமலைப் பக்கம் கறுத்துக்கிட்டு வந்தது. இடிச் சத்தமும் கேட்டது. "இன்னும் தூரத்தில்தானே இருக்கு"ன்னு பட்டறை மேல தார்ப்பாய் போட ஓடினேன். என் ரெண்டு ஆடும் புளியமரத்தடியில் கட்டியிருந்தது. மரத்தடியில் நனையாதுன்னு அப்படியே விட்டுட்டேன்.

கண்ணு கூசுற மாதிரி ஒரு வெளிச்சம், கூடவே சத்தம். எனக்கு முழங்காலுக்குக் கீழே மரத்துப்போச்சு, உட்கார்ந்துட்டேன். எழுந்து பார்த்தா ரெண்டு ஆடும் கிடக்குது. உடம்பில் ஒரு காயம் இல்லை. என் மாமியார், "அர்ச்சுனா அர்ச்சுனான்னு சொல்லியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுடி"ன்னாங்க. அவங்களை நான் குறை சொல்லலை. சின்ன வயசிலேர்ந்து நாமும் அப்படித்தானே சொல்லிட்டு இருந்தோம். அன்னைக்கு நான் உயிரோட இருந்தது அதிர்ஷ்டம். நான் செஞ்சது எல்லாமே தப்பு.

அது ஏன்னு பின்னால்தான் தெரிஞ்சுக்கிட்டேன். காலையெல்லாம் தரை காயும். கடல் பக்கமிருந்து ஈரக்காத்து வரும். சூடான காத்து அந்த ஈரத்தைத் தூக்கிக்கிட்டு மேலே போகும். மலை இருந்தா இன்னும் வேகமாத் தூக்கிவிடும். மேகம் பத்து கிலோமீட்டருக்கு மேலேயும் கோபுரம் மாதிரி வளரும். உள்ளே பனிக்கட்டித் துகள்கள் ஒண்ணோடு ஒண்ணு மோதி மின்சாரம் சேரும். அது தரைக்கு இறங்கும்போது உயரமா நிக்கிறதைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். மரத்தில் இறங்கின மின்சாரம் வேர் வழியா மண்ணுக்குள்ளே நாலு பக்கமும் பரவும். ஆடு மாட்டுக்கு முன்னங்காலும் பின்னங்காலும் தள்ளித்தள்ளி இருக்கிறதால, ஒரு காலில் ஏறி நெஞ்சு வழியா மறு காலில் இறங்கிடும். என் ஆடுகள் காயமில்லாம செத்தது அப்படித்தான். என் கால் மரத்துப்போனதும் அதனால்தான்.

தூரத்தில்தானே இருக்குன்னு நினைச்சேன்னு சொன்னேன் இல்லையா? தூரத்தைக் கணக்குப் போட ஒரு வழி இருக்கு. மின்னலைப் பார்த்ததும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க. மூணு எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுறதுக்குள்ளே இடி கேட்டா, மின்னல் நம்மைத் தொடுற தூரத்துக்கு வந்தாச்சு. உடனே வேலையை விட்டுட்டுக் கிளம்பணும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் திரும்ப இறங்கணும். ஒதுங்குறதுன்னா கான்கிரீட் வீடு, இல்லைன்னா கண்ணாடி ஏத்தின பஸ், வேன். மரத்தடி கூடாது. கூரைக் கொட்டகை கூடாது. மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது. கிணத்து மேட்டிலும் ஏரிக்கரையிலும் நிக்கக்கூடாது. எங்கேயும் போக முடியலைன்னா ஒருத்தருக்கொருத்தர் தள்ளி, ரெண்டு பாதத்தையும் சேர்த்து வச்சு, குத்துக்காலிட்டு உட்காரணும். படுக்கக்கூடாது. மின்னல் தாக்கினவரைத் தொட்டா நமக்கும் ஷாக் அடிக்கும்னு சொல்றது பொய். தொடலாம், தொட்டே ஆகணும். மூச்சு இல்லைன்னா நெஞ்சை அழுத்தி விட்டுக்கிட்டே 108-க்குப் போன் போடணும்.

சகோதரிகளே, நம்ம பக்கத்து மாவட்டம் கடலூரில், வேப்பூர் அருகே கழுதூரில், 2025 அக்டோபரில் மக்காச்சோளக் காட்டில் வேலை செஞ்சுக்கிட்டு இருந்த நாலு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தாங்க. நம்மைப் போலக் காட்டு வேலைக்குப் போனவங்க. நாடு முழுக்க மின்னலில் 2022-ஆம் வருஷம் மட்டும் 2,887 பேர் இறந்ததாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்லுது. இதில் நிறையப் பேர் வயல்காட்டில் இருந்தவங்க.

இடி கேட்டும் நாம ஏன் காட்டிலேயே நிக்கிறோம்? தெரியாம இல்லை. "இன்னும் ரெண்டு மொனைதான், முடிச்சிட்டுப் போயிடலாம்"ங்கிறோம். பாதியில் கரையேறினா அரை நாள் கூலிதான் கிடைக்கும்னு பயம். இங்கே உட்கார்ந்திருக்கிறதில் கூலிக்குப் போறவங்களும் இருக்கோம், கூலிக்கு ஆள் வைக்கிறவங்களும் இருக்கோம். நானே வெங்காயம் பிடுங்க ஆள் கூப்பிடுறவதான். அதனால மேடையில் நின்னு என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இடி கேட்டு ஆள் கரையேறினா அன்னைக்குக் கூலியைக் குறைக்கமாட்டோம்னு ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். நம்ம உறுப்பினர் காட்டிலேயாவது இது நடக்கட்டும். அப்புறம் மத்தவங்களைக் கேட்கலாம்.

இப்போ வெள்ளத்துக்கு வர்றேன். அன்னைக்கு ஆட்டையும் பட்டறையையும் பறிகொடுத்துட்டு வீட்டுக்கு வந்தா, எங்க தெருவில் முழங்கால் தண்ணி. எங்க வீட்டு வாசல் உயரம், உள்ளே வரலை. எதிர்வீட்டு அக்கா வீட்டுக்குள்ளே போயிடுச்சு. அவங்களும் எங்க குழுதான். உள்கடனில் தையல் மிஷின் வாங்கித் தைச்சுக்கிட்டு இருந்தாங்க. கல்யாண வீட்டுக்குத் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் சேத்துத் தண்ணியில் மிதக்குது. மிஷின் மோட்டாருக்குள்ளே தண்ணி. ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைங்களோட சர்டிபிகேட் எல்லாம் ஊறிப்போச்சு.

எங்க தெருவில் அதுக்கு முன்னால் அப்படித் தண்ணி நின்னதே இல்லை. மறுநாள் நான் போய், "என்னக்கா இப்படி ஆயிடுச்சு"ன்னு நின்னேன். அந்த அக்கா சண்டை போடலை. "உன் வாசப்படி நல்லா இருக்குடி, தண்ணி உன்னை ஒண்ணும் பண்ணலை"ன்னு மட்டும் சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்தது. முந்தின வருஷம்தான் வண்டி ஏத்துறதுக்காக வடிகால் மேலே செங்கல், ஜல்லி போட்டு சாய்வாக் கட்டினேன். அடியில் ஒரு சின்னக் குழாயை வச்சு "போதும்"னு சொன்னேன். அது பிளாஸ்டிக் பையும் மண்ணும் சேர்ந்து அடைச்சுக்கிச்சு. வந்த தண்ணியெல்லாம் அங்கே நின்னு எதிர்வீட்டுக்குத் திரும்பியிருக்கு. என் பட்டறையில் தண்ணி விட்டது வானம், அக்கா வீட்டுக்குள்ளே தண்ணி விட்டது நான். அதை நான் வேற யார் மேலேயும் போட முடியாது.

ஒரு கணக்கு சொல்றேன். ஆயிரம் சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தா சுமார் 4,600 லிட்டர் தண்ணி இறங்கும். நாற்பது வீடு இருக்கிற தெருவில் மாடித் தண்ணி மட்டுமே 1,80,000 லிட்டருக்கு மேலே, பதினைந்து பெரிய தண்ணி லாரி அளவு. இது ஒரு மணி நேரத்தில் வருது. முன்னே மண் வாசல், மண் தெரு. இப்போ எல்லாம் சிமெண்ட். நம்ம காட்டுக் கரிசலும் அப்படித்தான். வெடிப்பு விட்டிருக்கும்போது முதல் தண்ணியைக் குடிக்கும். நனைஞ்சு உப்பினதும் வெடிப்பு மூடிக்கும், அப்புறம் தண்ணி மேலேயே ஓடும். ஓடைக்கும் ஏரிக்கும் வழி இருந்தா அது நம்ம கிணத்துக்கு வர்ற தண்ணி. வழி இல்லைன்னா வீட்டுக்குள்ளே வர்ற தண்ணி.

நம்ம ஊரில் மலேசியா, சிங்கப்பூர் போகாத குடும்பம் குறைவு. என் தம்பியும் கோலாலம்பூரில் இருக்கான். "இங்கே வருஷத்தில் பாதி நாள் சாயங்காலம் இடி மழைதான்க்கா"ன்னு சொல்வான். அங்கே நகரத்துக்குள் வெள்ளம் வருதுன்னு 2007-இல் 9.7 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் திறந்தாங்க. சாதாரண நாளில் அதில் ஒரு பகுதியில் கார் ஓடும், பெருமழை வந்தா காரை நிறுத்திட்டுத் தண்ணியை விடுவாங்க. அப்படியும் அங்கே சில நாள் தெருவில் தண்ணி நிக்குதாம். நமக்கு அவ்வளவு பெரிய சுரங்கம் வேண்டாம். இருக்கிற வடிகாலை நாமே அடைக்காம இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஓடையைப் பத்தி இன்னொண்ணு. மலையில் பெய்யிற மழை நமக்குத் தெரியாது. 2024 மே மாசம் பழைய குற்றால அருவியில் திடீர்னு வந்த வெள்ளம் 17 வயசுப் பையனை அடிச்சுக்கிட்டுப் போனது நினைவிருக்கும். பச்சைமலை ஓடைகளும் அப்படித்தான். இங்கே வெயில் அடிக்கும், மலையில் பெய்த தண்ணி அரை மணியில் வந்து நிக்கும். துணி துவைக்கவோ மாடு கழுவவோ ஓடையில் இறங்கியிருக்கும்போது தண்ணி கலங்கி, சருகும் சுள்ளியும் வந்தா உடனே பிள்ளைகளோட கரையேறிடணும்.

அந்த வருஷம் எங்க குழு என்ன செஞ்சதுன்னு சொல்லிடுறேன். அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து வடிகாலை அடைச்சது நான்தான்னு சொன்னேன். அழுகை வந்துச்சு. ஒருத்தரும் என்னைத் திட்டலை. அந்த அக்காவுக்கு நாலு மாசம் தவணையைத் தள்ளி வச்சோம். மிஷின் பழுது பார்க்கிற செலவை நான் ஏத்துக்கிட்டேன். சாய்வை இடிச்சுட்டு, தூக்கி எடுக்கிற மாதிரி சிலாப் போட்டேன். பங்குனி பொறந்தா அதைத் தூக்கி வடிகாலைச் சுத்தம் பண்றது எங்க வீட்டு வேலை. மத்த வீட்டுக்காரங்களும் ஒவ்வொருத்தரா மாத்திக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எத்தனையோ கோடை மழை வந்தாச்சு, தண்ணி அக்கா வீட்டுப் படியேறலை.

நான் பண்ணின இன்னொரு தப்பையும் நீங்க பண்ணாதீங்க. செத்த ஆடுகளை அன்னைக்கு ராத்திரியே புதைச்சுட்டோம். கால்நடை மருத்துவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லி எழுதி வாங்கியிருந்தா நிவாரணம் கேட்டிருக்கலாம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அரசு அறிவிச்ச தொகை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். மனுஷ உயிர் போனாலும் அப்படித்தான். போலீசுக்குத் தகவல், பிரேதப் பரிசோதனை, சான்று இல்லாம எந்த உதவியும் வராது. "உடம்பை அறுக்க வேண்டாம்"னு சொல்ற வீட்டில், நாம பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லணும்.

எல்லாருடைய வங்கிக் கணக்கிலும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுக்கு வருஷம் 20 ரூபாய் பிடிக்கிறாங்களான்னு பாருங்க. 18 வயசிலேர்ந்து 70 வரை சேரலாம். இயற்கைச் சீற்றத்தில் வர்ற மரணமும் இதில் விபத்துதான், 2 லட்சம் ரூபாய். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை ஒரு வருஷக் கணக்கு. மே கடைசியில் கணக்கில் பணம் இல்லைன்னா பாலிசி நின்னுடும். எத்தனை பேர் பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் இருக்குன்னு பிரதிநிதிகள் மே மாசக் கூட்டத்திலேயே ஒவ்வொருத்தராப் பார்த்து எழுதணும். பயிர்க் காப்பீடு செஞ்சவங்க சேதத்தை 72 மணி நேரத்துக்குள்ளே தெரிவிக்கணும், 14447-க்குப் போன் பண்ணலாம்.

போன் வச்சிருக்கிற பிள்ளைகளிடம் சொல்லி "தாமினி" செயலியையும், தமிழக அரசின் "டிஎன் அலர்ட்" செயலியையும் ஏத்திக்குங்க. மின்னல் வர்ற பகுதியைத் தாமினி முன்கூட்டியே காட்டும். ஒரு குழுவில் ஒருத்தர் பார்த்துக் காட்டில் இருக்கிறவங்களுக்குப் போன் பண்ணினா போதும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

முடிக்கிறதுக்கு முன்னால் இந்தச் சபையில் மூணு தீர்மானம் வேண்டுறேன். இடி கேட்டா கூலி குறையாம கரையேறணும். பங்குனி முதல் வாரம் அவங்கவங்க வாசல் வடிகாலைத் திறந்து பார்க்கணும். மே மாசக் கூட்டத்தில் 20 ரூபாயைச் சரிபார்க்கணும். எதிர்வீட்டு அக்கா இன்னைக்கு இங்கே மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. நான் போட்டிருக்கிற ரவிக்கை அவங்க தைச்சதுதான்.