நாயோடு ஒரு மாலை நடை



இன்றைய பேச்சு நாயைப் பற்றி. நாயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிரிக்க வேண்டாம். நிறைய இருக்கிறது.

ஐதராபாத் நகருக்கு மேற்கே கண்டிப்பேட்டை ஏரி இருக்கிறது. உஸ்மான் சாகர் என்றும் சொல்வார்கள். 1908இல் மூசி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். 1920இல் வேலை முடிந்தது.

சித்திரை மாதம் பகலில் அந்தப் பக்கம் நடக்க முடியாது. பாறை கொதிக்கும். மார்கழி, தை மாதங்களில் அப்படி இல்லை. மூன்று மணி வெயில் முதுகுக்கு இதமாக இருக்கும். நாய்க்கும் அதுதான் நல்ல நேரம். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வேர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கிறது. அதனால் குளிர்காலத்தில் எவ்வளவு தூரமும் சந்தோஷமாக நடக்கும்.

அந்த நேரத்தில் அங்கே யார் யார் இருப்பார்கள்? ஆடு மேய்க்கிறவர்கள் இருப்பார்கள். தெலங்கானாவில் அவர்களைக் கொல்லர், குருமர் என்பார்கள். (இந்தக் கொல்லர் இரும்பு அடிப்பவர் அல்ல.) தோளில் கறுப்புக் கம்பளி கிடக்கும். அதன் பெயர் கொங்கடி. ஆட்டு மயிரில் நெய்தது. வெயில், மழை, குளிர் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். நெல் அறுத்த வயலில் ஆடு மேயும். நம் ஊரில் கிடை போடுவது போல, இரவில் அங்கேயே மடக்கிப் போடுவார்கள். வயலுக்கு எரு கிடைக்கும்.

அந்த மந்தையோடு ஒரு நாய் வரும். கயிறு கிடையாது. அதற்குக் கயிறு தேவையும் இல்லை. அது வேலைக்கார நாய்.

நகரத்து வீட்டு நாய் அப்படி அல்ல. ஆட்டைக் கண்டால் அதற்கு விளையாட்டு. அவிழ்த்து விட்டால் துரத்தும். மிரண்டு ஓடும் சினை ஆட்டுக்குக் கரு கலையலாம். மந்தை நாய் சும்மா இருக்குமா? பாய்ந்து வரும். இரண்டும் கடித்துக்கொள்ளும். விலக்கப் போகிற மனிதருக்கும் கடி விழும். ஏரிக்கரையில் பறவைகளும் இருக்கும். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வருகிற வாத்துகள் உண்டு. அவ்வளவு தூரம் பறந்து வந்து இறங்கினால், இங்கே ஒரு நாய் குரைத்து விரட்டுகிறது! ஆகவே வீட்டு நாய்க்குக் கயிறு வேண்டும். பாசத்தைக் கயிற்றை அவிழ்த்துத்தான் காட்ட வேண்டும் என்பது இல்லை.

இப்போது கடிக்கு வருவோம். இதைக் கவனமாகக் கேளுங்கள். வெறிநோய் நாயின் எச்சிலில் இருக்கிறது. கடித்தாலும் வரும். பிறாண்டினாலும், புண்ணில் நக்கினாலும் வரலாம். நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் கடித்த உடனே வைத்தியம் செய்தால் தடுத்துவிடலாம்.

முதலில் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. பிறகு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் காசு இல்லாமல் ஊசி போடுவார்கள். ஐதராபாத்தில் நாராயணகூடா நோய்த்தடுப்பு நிறுவனத்திலும் போடுகிறார்கள். கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள்.

"தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியா?" என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் மருத்துவமனைக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அது பழைய கதை. அந்தப் பழைய மருந்தை ஆட்டின் மூளையிலிருந்து செய்தார்கள். 2005க்குப் பிறகு இந்தியாவில் அது கிடையாது. இப்போது கையில் நான்கைந்து தடவைதான் ஊசி. அதை முழுவதும் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு ஊசியோடு "சரியாகிவிட்டது" என்று நின்றுவிடக் கூடாது. இந்தப் புது மருந்தை ஐதராபாத் நிறுவனம் ஒன்றும் செய்கிறது. தேசிய பால்வள வாரியம் 1980களில் தொடங்கிய நிறுவனம் அது. நாய்களுக்கான ஊசி மருந்தும் அங்கே தயாராகிறது.

ஆம், நாய்க்கும் ஊசி உண்டு. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி. அடுத்தது எப்போது என்று கால்நடை மருத்துவர் சீட்டில் எழுதித் தருவார். பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை. அந்தச் சீட்டில் தேதி இருக்கும். இப்போது நீங்களே அதைப் படிக்கலாம். மந்தை நாய்க்கும் போட வேண்டும். தெருவில் சோறு போட்டு வளர்க்கிற நாயாக இருந்தாலும் போட வேண்டும்.

ஐந்தரை மணிக்கெல்லாம் வெயில் இறங்கிவிடும். பாறை சீக்கிரம் குளிரும். வீடு திரும்பியதும் நாயின் கால் விரல் இடுக்கைப் பாருங்கள். நெருஞ்சி முள் ஏறியிருக்கும். காது மடலுக்குள்ளும் பாருங்கள். ஆடு மேய்ந்த இடத்தில் உண்ணி நிறைய. பிறகு ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள்.