கடல்நீர்த் தொட்டியும் மக்னீசியமும்

(கிளப் ஹவுஸ் ஞாயிறு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போர் தண்ணீர் வரும் வீடுகளில் கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு, அதன்மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கு பழக்கமானதுதான். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. போன வருடம் என் வீட்டு 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியின் பம்புக்குள்ளும் அதே பொருக்கு படிந்தது. அதே சமயம், உங்கள் குழந்தைகள் ஆசையாகப் பார்க்கும் அந்த இளஞ்சிவப்புப் பாறைகள் திட்டுத்திட்டாக வெளுக்க ஆரம்பித்தன. அந்த நிறம் பாறையுடையது அல்ல. அதன்மேல் வளரும் கோரலைன் பாசியுடையது. சுண்ணாம்பைச் சேர்த்துக் கட்டி வளரும் பாசி அது.

சோதித்தேன். லிட்டருக்குக் கால்சியம் 350 மில்லிகிராம். கடலில் சுமார் 410 இருக்கும். காரத்தன்மையும் குறைவு. இரண்டுக்கும் உரிய மருந்துகளைத் தனித்தனியாக ஊற்றினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அளவுகள் பழையபடியே இருந்தன. தொட்டியின் அடியில் மட்டும் வெள்ளைத் தூள். காசு கொடுத்துச் சுண்ணாம்பு தயாரித்துக்கொண்டிருந்தேன்!

ஏன் அப்படி? ஜாமூனுக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாகில் சர்க்கரை அளவுக்கு மீறிக் கரைந்திருக்கிறது. ஒரு சிறு படிகம் உருவானால் போதும், பாகு பூத்துவிடும். அதனால்தான் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுகிறோம். கடல்நீரும் அப்படித்தான். கால்சியமும் கார்பனேட்டும் தாங்கும் அளவைவிட அதிகமாகவே அதில் இருக்கின்றன. அவை சேர்ந்து படியாமல் தடுப்பதில் பெரிய பங்கு மக்னீசியத்துக்கு. புதிதாக உருவாகும் சுண்ணாம்புப் படிகத்தின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு, அதை வளரவிடாமல் செய்கிறது. கொஞ்சம் கார்பனேட்டையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பாசியும் நத்தையும் பவளமும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்வரை அவை நீரிலேயே கிடைக்கின்றன.

கடல்நீரில் மக்னீசியம் லிட்டருக்குச் சுமார் 1,290 மில்லிகிராம். கால்சியத்தைப் போல மூன்று மடங்கு. என் தொட்டியில் இருந்தது 1,050. அதுவரை நான் அதைச் சோதித்ததே இல்லை.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. முதலில் உப்பின் அளவைப் பாருங்கள். உப்பு குறைந்தால் எல்லாமே குறைவாகத்தான் காட்டும். எனக்கு அது சரியாக 35 இருந்தது. பிறகு, புதிதாகக் கலக்கிய உப்புநீரையே சோதித்தேன். அதிலும் மக்னீசியம் குறைவு! ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் நானேதான் குறைத்துக்கொண்டிருந்தேன்.

உப்பை மாற்றினேன். மீன்தொட்டிக்கென்றே விற்கும் மக்னீசியம் குளோரைடு வாங்கி, தினம் 84 கிராம் ஆர்ஓ நீரில் கரைத்து, ஐந்து நாள் ஊற்றினேன். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் வீதம் ஏறி 1,300-க்கு வந்தது. ஒரே நாளில் ஏற்றாதீர்கள். மீனும் இறாலும் தாங்காது. நர்சரியில் செடிக்கு விற்கும் எப்சம் உப்பும் வேண்டாம். அதன் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை, சல்பேட்டும் ஏறிவிடும்.

அதன்பிறகு ஊற்றிய கால்சியம் நீரிலேயே நின்றது. பம்பை வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்தேன். மூன்று மாதத்தில் வெளுத்த இடங்களில் மறுபடி இளஞ்சிவப்புப் புள்ளிகள் வந்தன.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தொட்டியில் பவளம் இல்லை. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் உயிரோடு இருக்க வேண்டியவை அவை. கடையில் யாராவது ரகசியமாகக் காட்டினாலும் வாங்காதீர்கள்.

நம் குடியிருப்பில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், மருந்து வாங்குவதற்கு முன் கழுவிய பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வாருங்கள். சோதனைக் கிட் என்னிடம் இருக்கிறது. பத்து நிமிட வேலைதான். கால்சியம், காரத்தன்மை இரண்டோடு நிறுத்தாமல் மூன்றாவதையும் பார்த்துவிடலாம்.