பெயரை நீக்கினால் காரணம் சொல்!

(பழவங்காடியில் நடந்த சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சட்டசபை, தேர்தல், சர்க்கார் என்று பேசத் தொடங்கினால், "அது மலையாளத்துக்காரர் விவகாரம், நாம் பிழைக்க வந்தவர்கள்" என்று ஒதுங்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இன்று பேச வந்ததே அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான். நாம் ஒதுங்கி நின்றால் பட்டியலும் நம்மை ஒதுக்கிவிடும்.

இந்த நகரத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1904-ல் இங்கே ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடியது. நிலவரி அதிகம் கட்டியவர்களுக்கும் பெரிய வியாபாரிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. மூட்டை சுமந்தவனுக்கும் தெருக் கூட்டியவளுக்கும் அங்கே ஓட்டு ஏது? 1950-ல் அரசியல் சட்டம் வந்து, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்றது. அன்று 21 வயது. 1989 முதல் 18. சொத்தைப் பார்க்காத, படிப்பைப் பார்க்காத ஓட்டு அது. ஆனால் அந்த ஓட்டைப் போட வேண்டுமானால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலுக்கு என்ன நடந்தது? 2025-ல் பீகாரில் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். ஆகஸ்ட் முதல் தேதி வெளிவந்த வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார் பெயர், என்ன காரணம் என்று கேட்டு வழக்குப் போட வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 14-ல் சுப்ரீம் கோர்ட், விடுபட்ட பெயர்களைக் காரணத்தோடு சாவடிவாரியாக வெளியிடு, அலுவலகங்களில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டு என்று தேர்தல் கமிஷனுக்கு உத்தரவிட்டது. கேட்டதால்தான் பட்டியல் வெளியே வந்தது!

அடுத்து அதே திருத்தம் 2025 நவம்பர் 4-ல் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நாளில் தொடங்கியது. டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் கேரளத்தில் சுமார் 24 லட்சம் பெயர்களும் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்களும் விடுபட்டிருந்தன. இறந்தவர், இரட்டைப் பதிவு, குடிபெயர்ந்தவர், கண்டுபிடிக்க முடியாதவர் என்று வகை பிரித்தார்கள். இறந்தவர் பெயரை எடுப்பது சரி. இரண்டு இடத்தில் உள்ள பெயரை ஓரிடத்தில் எடுப்பதும் சரி. ஆனால் குடிபெயர்ந்தவர் யார்? கண்டுபிடிக்க முடியாதவர் யார்? பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீடு மாறுகிறவர், விடியுமுன் சாலைக் கடைத்தெருவுக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் வீடு திரும்புகிறவர். நம்மைப் போன்றவர்கள்தான், தோழர்களே!

ஒருவர் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 22-ஆம் பிரிவு. இந்தத் திருத்தத்திலோ, படிவம் திரும்பி வராத பெயர் வரைவுப் பட்டியலிலேயே ஏறவில்லை. ரயிலில் பெர்த் கிடைக்காதவருக்குக்கூட வெயிட்டிங் லிஸ்டில் எத்தனையாவது இடம் என்று சொல்லுகிறோம். ஓட்டை இழந்தவருக்கு ஏன் இழந்தார் என்று சொல்ல வேண்டாமா?

இனி நம் பக்கத்தையும் பார்ப்போம். ஊரில் ஒரு ஓட்டு, இங்கே ஒரு ஓட்டு என்று வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் வண்டி பிடித்துக் கூட்டிப்போகவும் ஆள் வரும். சட்டம் இதை அனுமதிக்கவில்லை. ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். தெரிந்தே பொய் உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எந்தத் தொகுதி என்பதற்கும் அதே சட்டம் வழி சொல்கிறது: சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே. ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதால் மட்டுமே ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். வாடகை வீட்டில் இருக்கிறார் என்பதால் இங்கே அந்நியரும் ஆகிவிட மாட்டார்.

கொடைக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போவோம். அந்த உறவு அறாது. ஆனால் நம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம் இங்கே, ரேஷன் கடை இங்கே, மழைக்கு வீட்டுக்குள் ஏறும் சாக்கடைத் தண்ணீரும் இங்கே. இவற்றைக் கேட்க நமக்கு இங்கே ஓட்டு வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கார்ப்பரேஷன் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் கமிஷன் தனியாகப் பட்டியல் தயாரிக்கிறது. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் உள்ளது வேறு பட்டியல். 2025 டிசம்பரில் கார்ப்பரேஷனுக்கு ஓட்டுப் போட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

பட்டியலைக் கேட்பதால் என்ன ஆகிவிடும் என்பீர்கள். ராஜஸ்தானில் 1990-களில் கூலிக்காரர்கள் என்ன கேட்டார்கள்? பஞ்சாயத்து வேலையின் கூலிப் பட்டியலைக் காட்டு என்றார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994-ல் ஊர் நடுவே பட்டியலைப் படித்துக் காட்டியது. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது அம்பலமாயிற்று. 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் மறியல் நடந்தது. 1997-ல் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. 2005-ல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. சர்க்காரின் கதவைத் திறந்தது கூலிக்காரன் கேட்ட ஒரு பட்டியல்!

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒன்று: நீக்கிய ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் எழுதி, சாவடிதோறும் ஒட்ட வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும், ஒவ்வொரு முறையும் கோர்ட்டுக்கு ஓட முடியாது. இரண்டு: தமிழர் வாழும் பகுதிகளில் அந்த அறிவிப்பு தமிழிலும் வேண்டும். குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலும் மாநிலத்திலும் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு சொல்கிறது. மனுவைத் தமிழில் தரலாம் என்றால், அறிவிப்பைத் தமிழில் தருவதற்கு என்ன தடை? மூன்று: ஒரு பட்டியலுக்கு மனுக் கொடுத்தால் மற்றொன்றிலும் பெயர் சேர வழி செய்ய வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. பெயர் புதிதாகச் சேர்க்கவோ, நீக்கப்பட்டதை மீண்டும் சேர்க்கவோ 6-ஆம் எண் படிவம். வீடு மாறினால் 8-ஆம் எண் படிவம். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். மனுவைத் தள்ளினால் மாவட்ட ஆட்சியரிடம் அப்பீல், அதற்கு மேல் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் அப்பீல். காரணம் தெரிய வேண்டுமா? பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மலையாளத்தில் எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தில் எழுதித் தருகிறோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் குடும்பத்தில் உள்ள எல்லோருடைய வாக்காளர் அட்டையையும் எடுத்து வையுங்கள். பெண்களுடைய அட்டையை முதலில் எடுங்கள். கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர்தான் பிறந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லாமல், புகுந்த வீட்டுப் பட்டியலிலும் ஏறாமல் நடுவில் நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அட்டைகளோடு சங்கத்துக்கு வாருங்கள். இரண்டு பட்டியலிலும் ஒவ்வொரு பெயராகப் பார்ப்போம். இல்லாத பெயருக்கு அன்றே படிவம் எழுதுவோம்.