வார்டில் நிற்க வேண்டிய முதுகலை
(நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு, திண்டுக்கல்)



ஆயுள் முழுதும் வார்டிலேயே நின்று பணிசெய்த ஒரு செவிலியரின் நினைவாக, அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. ஆகவே வார்டைப் பற்றிப் பேசுவதே முறை.

எம்.எஸ்சி. நர்சிங் முடித்தால் என்ன ஆகலாம் என்று இங்குள்ள மாணவியரைக் கேட்டால், கல்லூரியில் ஆசிரியர் ஆகலாம், வெளிநாடு போகலாம் என்பார்கள். வார்டுக்குத் திரும்பி நோயாளியை இன்னும் திறமையாகப் பார்க்கலாம் என்று சொல்பவர் அரிது. அது அவர்கள் குற்றமன்று. நாம் போட்டு வைத்திருக்கும் பாதை அப்படி. செவிலியரின் மேற்படிப்பால் முதலில் பயன்பெற வேண்டியவர் நோயாளி. அந்தப் பயன் அவரைச் சேர வழிசெய்ய வேண்டும். இதுவே இன்று நான் சொல்ல வந்தது.

படிப்பு வந்த வழி

நம் நாட்டில் செவிலியர் பட்டப்படிப்பு 1946-இல் தொடங்கியது. அந்த ஆண்டில் டெல்லியிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பி.எஸ்சி. நர்சிங் வந்தது. முதுகலைப் படிப்பு 1959-இல் டெல்லியில் பிறந்தது. இன்று மருத்துவ-அறுவைச் சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமூக நலம் என ஐந்து பிரிவுகளில் எம்.எஸ்சி. படிக்கலாம்.

நம் மாவட்டத்துக்கும் இதில் பழைய உறவு உண்டு. 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையார் காந்திகிராமத்தில் கஸ்தூரிபா மருத்துவமனைக்கு வித்திட்டார். 1964-இல் அங்கே கிராமிய சுகாதாரப் பயிற்சி நிறுவனமும் எழுந்தது. பயிற்சி பெற்றவர் ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் நின்று வேலை செய்ய வேண்டும் என்பதே அங்கே நோக்கம். மருத்துவமனையும் பயிற்சியும் ஒரே வளாகத்தில் பின்னிக் கிடந்த மண் இது.

தலையணையிலிருந்து எழாத தலை

மேற்படிப்பு வார்டில் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஒட்டன்சத்திரத்துக் காய்கறித் தோட்டங்களும் நிலக்கோட்டைப் பூந்தோட்டங்களும் சூழ்ந்த மாவட்டம் நம்முடையது. பூச்சிமருந்து விஷம் ஏறி வரும் நோயாளியை இங்கே பணிசெய்யும் செவிலியர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தென்றால் கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும், உடல் வியர்த்துக் கொட்டும், நெஞ்சில் சளி கட்டும். அட்ரோபின் ஏற்ற ஏற்ற நுரையீரல் தெளியும், நாடி ஏறும், அக்குள் உலரும். எவ்வளவு ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்பதற்கு இந்த அடையாளங்களே வழிகாட்டி. அளவு மீறினால் காய்ச்சலும் பிதற்றலும் வரும், சிறுநீர் அடைபடும்.

இரண்டாம் நாள் நோயாளி கண் விழித்துப் பேசுகிறார். பிழைத்துவிட்டார் என்று உறவினர் நிம்மதி அடைகிறார்கள். ஆபத்து ஒளிந்திருப்பது அங்கேதான். முதல் நாள் கடந்து நான்காம் நாளுக்குள், சிலருக்குக் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரும். இதை இடைநிலை நோய்க்குறியாக 1987-இல் உலகுக்கு விளக்கியவர்கள் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரல்லியத்தவும். தொடக்க அடையாளம் எளிது: நோயாளியால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது.

இரவு டியூட்டியில் இருப்பவர் செவிலியர். "ஐயா, தலையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று ஒவ்வொரு சுற்றிலும் அவர் கேட்க வேண்டும். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் உடனே மருத்துவரை அழைத்து வென்டிலேட்டரைத் தயாராக்க வேண்டும். ஆக்சிஜன் அளவு விழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

பல ஆண்டு அனுபவமுள்ள டிப்ளமோ செவிலியருக்கும் இது தெரிந்திருக்கலாம். அந்த அனுபவத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அது ஒருவரோடு நின்றுவிடுகிறது. அவர் மாறுதலில் போனால் கூடவே போய்விடுகிறது. மேற்படிப்பு பெற்றவர் காரணம் அறிந்தவர். அந்தச் சோதனையை வார்டின் எழுதப்பட்ட நெறிமுறையாக்குவார், புதிதாய் வந்தவருக்குக் கற்றுக்கொடுப்பார், எந்த நோயாளி ஏன் தாமதமாகக் கவனிக்கப்பட்டார் என்று பதிவுகளைப் புரட்டிப் பார்ப்பார். வார்டுக்கு ஒருவர் அப்படி இருந்தால் வார்டு முழுதும் உயரும்.

ஆய்வு சொல்வது

லிண்டா எய்க்கன் குழுவினர் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், 300 மருத்துவமனைகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். பட்டம் பெற்ற செவிலியர் 10 சதவீதம் கூடும் இடத்தில் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு செவிலியர் தலையில் ஒரு நோயாளி கூடினால் அது 7 சதவீதம் ஏறியது. இது இளங்கலைப் பட்டம் பற்றிய ஆய்வு. முதுகலைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. படிப்பும் ஆள்பலமும் சேர்ந்தே காப்பாற்றும் என்ற பாடம் மட்டும் நமக்கும் உரியது. ஆள் குறைவை மறைக்கப் பட்டத்தைக் காட்டக் கூடாது.

வேண்டுவன

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965-இல் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். நம் இந்திய நர்சிங் கவுன்சிலும் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பைக் கொண்டுவந்துவிட்டது. 1947-ஆம் ஆண்டுக் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய செவிலியர், பேறுகாலப் பணி ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. படிப்பு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அதற்கேற்ற இடம் வார்டில் வேண்டும்.

முதலாவது, தீவிர சிகிச்சை, பிரசவ வார்டு, பச்சிளங்குழந்தைப் பிரிவு ஆகியவற்றில் முதுகலைச் செவிலியருக்குத் தனிப் பதவியும் அதற்குரிய ஊதியமும் வேண்டும். இரண்டாவது, அவர் எதைத் தாமே செய்யலாம், எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதை மருத்துவரும் செவிலியரும் சேர்ந்து எழுதி வைக்க வேண்டும். எல்லை எழுத்தில் இருந்தால் மருத்துவருக்கும் அச்சமில்லை, செவிலியருக்கும் தயக்கமில்லை. மூன்றாவது, வேலூரில் நெடுங்காலமாக நடப்பதுபோல், கல்லூரி ஆசிரியர்கள் வார்டுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட நம் அரசு மருத்துவக் கல்லூரி இம்முயற்சிக்குத் தகுந்த களம். ஒரே ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் தொடங்கி, ஓராண்டு பதிவேடு வைத்து, பலனைப் பொதுவில் வையுங்கள் என்று அதன் நிர்வாகத்தை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

மாணவியரே, மேலே படியுங்கள். படித்த பின் வார்டிலேயே நிற்கும் உரிமையையும் கேட்டுப் பெறுங்கள். அதை உங்களுக்குப் பெற்றுத் தருவதில் எங்கள் தலைமுறைக்கும் பொறுப்பு உண்டு.