பெரட்டு ஏடும் காந்த நாடாவும்



பெரிய நிறுவனங்கள் தங்கள் கணக்கு வழக்குகளை எதில் சேமித்து வைத்தால் செலவும் கட்டுப்படும், விவரமும் காப்பாற்றப்படும் என்பதைப் பற்றி இன்று பேசவிருக்கிறோம். தலைப்பைக் கேட்டதும், "இது கோலாலம்பூர் வங்கிக்காரர்களின் பாடு, மலையிலே கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று சிலர் வானொலிப் பெட்டியின் காதைத் திருக எண்ணலாம். சற்றுப் பொறுங்கள். தேயிலைத் தோட்டமும் ஒரு பெரிய நிறுவனந்தான். கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. அந்த நாள் முதலே தோட்டங்களில் விவரச் சேமிப்பும் இருந்து வந்திருக்கிறது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, பொழுது ஏறியபின் நிறுவையில் கொழுந்தை நிறுத்து, கிராணியார் ஒரு தடித்த ஏட்டில் எழுதி வைத்தாரே, அதுதான் அன்றைய சேமிப்பு. அந்த ஏடு எவ்வளவு பெறும் என்று முதலில் பார்த்துவிடுவோம். பொருளின் விலை தெரியாமல் பெட்டிக்கு விலை பேசக்கூடாதல்லவா?

1980-ஆம் ஆண்டு வேலை நீக்க, ஆட்குறைப்பு நன்மை விதிமுறைகள் என்று நம் நாட்டில் ஒரு சட்டவிதி இருக்கிறது. நிர்வாகம் ஆட்குறைப்புச் செய்தால், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு, உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இருபது நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். ஓர் அம்மா முப்பது ஆண்டு கொழுந்து கிள்ளியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அறுநூறு நாள் சம்பளம் சேர வேண்டும். ஆனால், 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், தொழிலாளர் பதிவேட்டை ஆறு ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட ஏடுகளைக் கரையான் தின்றாலும் கேட்பாரில்லை. ஏடு காட்டுவது ஆறே ஆண்டு என்றாகி, வேறு சான்றும் இல்லாமற் போனால், அந்த அம்மாவின் கையில் விழுவது நூற்று இருபது நாள் சம்பளம். மீதி நானூற்று எண்பது நாள் எங்கே போயிற்று? 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டாலும், அது இருபத்தையாயிரம் வெள்ளியைத் தாண்டுகிறது. ஒரு தாள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நம்மவர் யாரும் சொல்ல மாட்டார்கள். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, தாள் இல்லாத குடும்பங்கள் பட்ட பாட்டைத் தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

சரி, இந்த விலைமதிப்புள்ள விவரம் எவ்வளவு இடம் பிடிக்கும்? கணிப்பொறிக் கணக்கில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. நம் தமிழ் எழுத்து கொஞ்சம் வசதியாக உட்காரும். 'அ' என்றால் மூன்று பைட்டு, 'கொ' என்றால் ஆறு. அது கிடக்கட்டும். ஆயிரம் தொழிலாளர் உள்ள ஒரு தோட்டத்தில் நாளொன்றுக்கு மூன்று முறை நிறுவை என்றும், ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை என்றும், ஆள் எண், தேதி, மலை எண், எடை எல்லாம் சேர்ந்து ஒரு பதிவுக்கு நூறு பைட்டு என்றும் கொள்வோம். ஆண்டுக்கு ஒன்பது இலட்சம் பதிவுகள், தொண்ணூறு மெகாபைட்டு. ஐம்பது ஆண்டுக்குச் சேர்த்தாலும் நாலரை ஜிகாபைட்டுத்தான். கட்டைவிரல் அளவுள்ள ஒரு கருவியில் அடங்கிவிடும்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஐபிஎம் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட முதல் காந்தத் தட்டுச் சேமிப்புக் கருவியில் இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. கொண்டது ஐம்பது இலட்சம் எழுத்து. அதோடு இணைந்த கணிப்பொறிக்கு மாத வாடகை 3,200 டாலர். நாம் சொன்ன தோட்டத்தின் ஓராண்டுக் கணக்குக்கே அப்படிப்பட்ட கருவி பதினெட்டு வேண்டியிருந்திருக்கும். அன்று இடம் அரிது. ஆகவே எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று எண்ணிப் பார்த்து வைத்தார்கள். இன்று இடம் மலிந்துவிட்டது. எண்ணிப் பார்க்கும் வழக்கமும் கூடவே போய்விட்டது.

அதே தோட்டத்தின் தொழிற்சாலையிலும் பண்டகசாலையிலும் இருபது கண்காணிப்புப் படக்கருவிகள் பொருத்தியிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ஒரு கருவி நொடிக்கு நான்கு மெகாபிட் வேகத்தில் படம் அனுப்பினால், ஒரு நாளில் நாற்பத்து மூன்று ஜிகாபைட்டு சேரும். இருபது கருவிக்கு முப்பது நாளில் ஏறத்தாழ இருபத்தாறு டெராபைட்டு. ஒரு டெராபைட்டு என்பது ஆயிரம் ஜிகாபைட்டு. ஆக, ஐம்பது ஆண்டு உழைப்பின் கணக்கைவிட, ஒரு மாதம் கதவையும் நடையையும் பார்த்த படம் ஐயாயிரம் மடங்குக்கு மேல் பெரிது. அந்தப் படத்தில் பெரும்பகுதி என்ன? பூட்டிய கதவு, எப்போதாவது ஒரு பூனை.

செலவு கூடிப்போகும் இடம் இதுதான், நேயர்களே. பெரிய நிறுவனங்கள் பலவும் எல்லா விவரத்தையும் ஒரே குவியலாக எண்ணி, "மொத்தம் இத்தனை டெராபைட்டு, யார் மலிவாகத் தருகிறார்கள்?" என்று விலை கேட்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையில் அப்படிச் செய்வார்களா? காய்ந்த இலையைச் சல்லடையில் இட்டு, பெரிய இலை, சிறிய இலை, தூள் என்று பிரித்த பிறகுதான் மூட்டை கட்டுகிறார்கள். விவரத்தையும் முதலில் சலிக்க வேண்டும். சலிக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி: இது தொலைந்தால் யாருக்கு என்ன நட்டம்? அதற்கு அடுத்தது: இதை எத்தனை ஆண்டு வைக்க வேண்டும், எத்தனை முறை எடுத்துப் பார்ப்போம்? வருமான வரிக்கு ஏழு ஆண்டு ஆவணம் வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் மின்விலைச்சீட்டு முறையும் வந்துவிட்டதால், இவை தாளாக இல்லாமல் கணிப்பொறிக் கோப்புகளாகவே சேர்கின்றன. மறுபுறம், வேலை கேட்டு வந்து கிடைக்காமற் போனவரின் அடையாள அட்டை நகலைப் பத்தாண்டு பூட்டி வைப்பதில் பயனில்லை. 2010-ஆம் ஆண்டு தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டமும், தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்கிறது. அழிக்க வேண்டியதை அழிப்பதும் ஒரு சிக்கனமே.

சலித்து முடித்தபின் பெட்டிக்கு வருவோம். அன்றாடம் எடுத்துப் பார்க்கும் கணக்குக்கு அலுவலகக் கணிப்பொறியின் தட்டுகளே போதும். ஆனால் அவை சுழலும் பொருள். ஆயிரக்கணக்கில் தட்டுகளை ஓட்டும் நிறுவனங்களின் அனுபவத்தில், ஓராண்டில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பழுதாகிறது. கண்காணிப்புப் படத்துக்கும் மலிவான தட்டுகளே ஏற்றவை. முப்பது நாள் ஆனதும் பழைய படத்தின்மேல் புதிய படம் பதியட்டும். தகராறு நடந்த அரைமணி நேரப் படத்தை மட்டும் தனியே எடுத்து வைத்தால் போதும்.

காந்த நாடாவைப் பற்றிப் பலர், அது பழங்காலப் பொருளாயிற்றே என்பார்கள். இல்லை, உலகின் பெரிய ஆவணக் களஞ்சியங்கள் இன்றும் நாடாவைத்தான் நம்புகின்றன. 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை எல்டிஓ நாடா ஒன்று பதினெட்டு டெராபைட்டு கொள்ளும். அலமாரியில் சும்மா இருக்கும்போது மின்சாரம் கேட்காது. தக்க சூழலில் முப்பது ஆண்டு தாங்கும் என்று செய்கிறவர்கள் சொல்கிறார்கள். நாடா மலிவு, ஆனால் அதைப் படிக்கும் பொறி சில ஆயிரம் டாலர். நூற்றுக்கணக்கான டெராபைட்டு உள்ளவர்களுக்கு அது கட்டுப்படியாகும். நாலரை ஜிகாபைட்டுக்கு அதை வாங்குவது, ஒரு கூடைக் கொழுந்தை ஏற்ற லாரி வாங்குவது போன்றது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்பதாம் தலைமுறைப் பொறி எட்டாம் தலைமுறை நாடாவைப் படிக்கும். ஏழாம் தலைமுறை நாடாவைப் படிக்காது. முப்பது ஆண்டு நாடா இருந்து, படிக்கப் பொறி இல்லாவிட்டால் என்ன செய்வது?

நம் மலையில் நாடா வைப்பவர்கள் குளிரை நம்பி ஏமாறக்கூடாது. நாடாவை நெடுங்காலம் வைக்க 16 முதல் 25 பாகை வெப்பம் வேண்டும். கேமரன் மலை இயற்கையாகவே ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது. ஆனால் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் போகக்கூடாது என்றும் ஒரு நிபந்தனை உண்டு. இங்கோ ஈரம் பெரும்பாலும் தொண்ணூறை ஒட்டியே நிற்கிறது. துணி உலராத ஊரில் நாடா மட்டும் உலர்ந்திருக்குமா? பூஞ்சை பிடிக்கும். தேயிலையையே ஈரம் புகாமல் கட்டத் தெரிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வழி, பிறருடைய கணிப்பொறி மையத்தில் வாடகைக்கு இடம் பிடிப்பது. மேகச் சேமிப்பு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மேகம் ஒன்றுமில்லை, எங்கோ ஒரு கட்டடத்தில் உள்ள தட்டும் நாடாவுந்தான். அமேசான் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே இத்தகைய மையங்களைத் திறந்தது. எப்போதாவது எடுக்கும் விவரத்துக்கென்று அந்த நிறுவனம் 2019-இல் அமெரிக்காவில் அறிவித்த வாடகை, டெராபைட்டுக்கு மாதம் சுமார் ஒரு டாலர். நம் தோட்டத்தின் ஐம்பது ஆண்டுக் கணக்குக்கு மாதம் அரைக் காசுகூட ஆகாது. பழைய ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பதினெட்டாயிரம் பக்கம், பக்கத்துக்கு இரண்டு மெகாபைட்டு என்று சேர்த்தாலும் முப்பத்தாறு ஜிகாபைட்டுத்தான். மாதம் நாலு காசு. இவ்வளவு மலிவா என்று மயங்கிவிடாதீர்கள். உள்ளே போடுவது எளிது; வெளியே எடுப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். கேட்ட விவரம் கைக்கு வரப் பன்னிரண்டு மணி முதல் நாற்பத்தெட்டு மணி வரை ஆகலாம். எடுத்து அனுப்ப ஜிகாபைட்டுக்கு ஒன்பது காசை ஒட்டிக் கட்டணம். நாலரை ஜிகாபைட்டை எடுக்க அரை டாலருக்கும் குறைவு, அது கிடக்கட்டும். இருபத்தாறு டெராபைட்டுப் படத்தை அங்கே போட்டுவிட்டால், வாடகை மாதம் இருபத்தாறு டாலர்தான். திரும்பக் கொண்டுவரவோ இரண்டாயிரம் டாலருக்கு மேல். ஏழு ஆண்டு வாடகை ஒரே நாளில் போய்விடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், வைக்கும் விலையைவிட எடுக்கும் விலையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

எந்தப் பெட்டியானாலும் அதை வைக்கும் இடம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி லெம்பா பெர்த்தாம் மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பெர்த்தாம் ஆறு தானா ராத்தாவைத் தாண்டி, ஹாபு வழியாக ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்த அணைக்குக் கீழே இருப்பதுதான் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கு. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் பின்னிரவில், கனமழைக்குப் பின் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, ஆறு கரை புரண்டு, சேற்று வெள்ளம் வீடுகளிலும் கடைகளிலும் புகுந்தது. கார்கள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே அலுவலகத்தின் ஒரே அலமாரியில் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் சேர்ந்தே நனையும். அதனால்தான் மூன்று பிரதி, இரண்டு வகைப் பெட்டி, ஒன்றாவது வேறு ஊரில் என்று துறை வல்லவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ரிங்லெட்டில் ஒன்று இருந்தால் ஈப்போவிலோ குவாந்தானிலோ ஒன்று இருக்கட்டும்.

மலைப்பள்ளத்தாக்குக்கு மட்டும் உள்ள ஆபத்து என்று இதை எண்ண வேண்டாம். தென்கொரியாவின் தேஜோன் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசாங்கக் கணிப்பொறி மையத்தில் மின்கலங்களிலிருந்து தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த 858 டெராபைட்டுச் சேமிப்பு எரிந்துபோனது. அதற்கு வேறிடத்தில் பிரதி கிடையாது. ஏனென்றால், அளவு மிகப் பெரிது, பிரதி எடுப்பது கடினம் என்று விட்டிருந்தார்கள். அந்த 858 டெராபைட்டையும் முன்பே சலித்திருந்தால், தொலைக்கக்கூடாதது அதில் எவ்வளவு சிறிய பங்காக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் தோட்டத்துக் கணக்கில் உண்மையான செலவு பெட்டியிலும் வாடகையிலும் இல்லை. மனிதரின் கைவேலையில் இருக்கிறது. பழைய ஏட்டைப் பிரித்து, பூஞ்சை துடைத்து, படமெடுத்து, இந்தப் பக்கம் எந்த ஆண்டு, எந்தக் கும்பல், யார் பெயர் என்று அட்டவணை எழுத ஆள் வேண்டும். பெயர்களிலேயே எத்தனை சிக்கல்! ஒரே முனியம்மா மூன்று ஏடுகளில் மூன்று விதமான ஆங்கில எழுத்தில் இருப்பார். இதைத் தோட்டத்துப் பெயர்களை அறிந்த ஒருவர் செய்தால் ஒரு நாளில் முடிகிற பக்கத்தை, அறியாதவர் ஒரு வாரம் புரட்டுவார். ஓய்வு பெற்ற கிராணியார் ஒருவரை ஆறு மாதம் சம்பளம் கொடுத்து அமர்த்துவது, எந்தக் கருவி வாங்குவதைவிடவும் பயன் தரும் செலவு என்பது எங்கள் கருத்து.

எல்லாம் செய்து முடித்த நிறுவனத்தார் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்துப் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு, இருபது ஆண்டுக்கு முந்தைய ஏதேனும் ஒரு மாதத்தையும், தொழிலாளி ஒருவரின் பெயரையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மூலத்தைத் தொடாமல், வெளியூர்ப் பிரதியிலிருந்து அந்த மாதச் சம்பளக் கணக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று, எத்தனை வெள்ளி செலவாயிற்று, பூட்டின் கடவுச்சொல் யாரிடம் இருந்தது, அவர் வேலையில் இருக்கிறாரா என்பதையெல்லாம் அந்தச் சீட்டின் பின்புறத்திலேயே குறித்து, மேலாளரின் மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.